தமிழ்நாட்டில் குழந்தைத் தடுப்பூசித் திட்டத்தின் நிதி வரலாறு: சாத்தான்குளம் வட்டாரத்தை முன்வைத்து

குழந்தைகளுக்குத் தடுப்பூசி இலவசமாகப் போடப்படுகிறது. பெற்றோருக்கு இலவசம் என்றாலும் அதன் செலவை யாரோ ஒருவர் ஏற்றே ஆக வேண்டும். அந்தச் செலவை யார் ஏற்பது, எத்தனை ஆண்டுகளுக்கு ஏற்பது, உதவி செய்தவர் விலகிக்கொண்டால் அடுத்து யார் ஏற்பது என்பவையே தடுப்பூசித் திட்டத்தின் நிலைத்த நிதி பற்றிய கேள்விகள். உலக நலவாழ்வு நிறுவனம், யுனிசெஃப், உலக வங்கி, கவி கூட்டணி ஆகியவை பல ஆண்டுகளாக வளரும் நாடுகளுக்கு இதுகுறித்து ஆலோசனை வழங்கி வருகின்றன. ஆனால் சென்னை மாகாணம் இந்தக் கேள்வியை 19ஆம் நூற்றாண்டிலேயே சந்தித்துவிட்டது. தூத்துக்குடி மாவட்டத்தின் தென்பகுதியில், தேரி மணலும் பனங்காடும் சூழ்ந்த சாத்தான்குளம் போன்ற ஒரு வட்டாரத்தை எடுத்துக்கொண்டால் இந்த வரலாறு தெளிவாக விளங்கும்.

ஊசியின் விலையும் ஊசி போடும் செலவும்

தடுப்பூசிச் செலவு என்றதும் மருந்துக் குப்பியின் விலையே பலருக்கும் நினைவுக்கு வரும். அது மொத்தச் செலவில் ஒரு பகுதி மட்டுமே. பெரும்பாலான தடுப்பூசிகளை 2 முதல் 8 பாகை செல்சியசு வெப்பநிலையில் வைத்திருக்க வேண்டும். தொழிற்சாலையிலிருந்து மாநிலக் கிடங்கு, மண்டலக் கிடங்கு, மாவட்டக் கிடங்கு, ஆரம்ப சுகாதார நிலையம், கடைசியாக கிராம சுகாதார செவிலியர் தோளில் சுமந்து செல்லும் குளிர்பெட்டி வரை இந்தக் குளிர் அறுபடக் கூடாது. இதற்குக் குளிர்சாதனப் பெட்டிகள், மின்சாரம், மின்சாரம் தடைபட்டால் ஜெனரேட்டருக்கு டீசல், வண்டி, ஓட்டுநர், பழுது பார்ப்பவர் எல்லாம் தேவை. இவற்றோடு செவிலியரின் மாதச் சம்பளமும் பயிற்சியும் பதிவேடும் சேரும்.

ஆகவே செலவு இரண்டு வகைப்படும். குளிர்சாதனப் பெட்டி வாங்குவது, கட்டடம் கட்டுவது போன்றவை ஒருமுறைச் செலவுகள். சம்பளம், டீசல், மருந்து ஆகியவை ஆண்டுதோறும் வரும் தொடர்செலவுகள். உதவி நிறுவனங்கள் பெரும்பாலும் முதல் வகைச் செலவை விரும்பி ஏற்கும். இரண்டாவது வகையை ஏற்றாலும் சில ஆண்டுகளுக்குத்தான் ஏற்கும். ஆனால் குழந்தைகள் ஒவ்வோர் ஆண்டும் பிறக்கின்றன. சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

வீணாகும் மருந்தும் செலவுக் கணக்கில் வரும். பி.சி.ஜி., தட்டம்மை ஊசி மருந்துகளைக் கரைத்த பிறகு 4 மணி நேரத்துக்குள் பயன்படுத்த வேண்டும். மிஞ்சியதைக் கொட்டிவிட வேண்டும். பலருக்குப் போடக்கூடிய ஒரு குப்பியை, சிற்றூரில் அன்று வந்த ஒரே குழந்தைக்காக உடைக்கலாமா? சிக்கனம் பார்த்தால், அடுத்த முறை வாருங்கள் என்று தாயைத் திருப்பி அனுப்பத் தோன்றும். அந்தத் தாய் மீண்டும் வராமலே போகலாம். ஒரு குழந்தை வந்தாலும் குப்பியை உடைக்க வேண்டும் என்பதே இன்றைய விதி. அந்த விதியைக் கடைப்பிடிக்கும் அளவுக்குக் கையிருப்பு இருந்தால்தான் விதிக்குப் பொருள் உண்டு.

அம்மை குத்திய காலம்

எட்வர்டு ஜென்னர் 1796-இல் பசு அம்மைப்பாலைக் கொண்டு பெரியம்மையைத் தடுக்கலாம் என்று காட்டினார். 1802-இல் பம்பாயில் ஒரு குழந்தைக்கு இந்தியாவின் முதல் அம்மைப்பால் வைக்கப்பட்டது. அதே ஆண்டில் சென்னை மாகாணத்திலும் அம்மை குத்தும் பணி தொடங்கியது. தொடக்கத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி இச்செலவை ஏற்றது. ஊர்தோறும் ஆள் அனுப்ப வேண்டிய நிலை வந்தபோது, மாகாணக் கருவூலம் மட்டும் அதைத் தாங்க முடியவில்லை.

1871-இல் இரண்டு சட்டங்கள் வந்தன. ஒன்று நகரங்களுக்கானது; மற்றொன்று சென்னை உள்ளாட்சி நிதிச் சட்டம். இரண்டாவது சட்டத்தின்படி நிலத்தின் மீது ஒரு கூடுதல் தீர்வை வாங்கப்பட்டு, சாலை, பள்ளி, மருந்தகம், சுகாதாரம், அம்மை குத்துதல் ஆகியவற்றுக்குச் செலவிடப்பட்டது. 1884-இல் வந்த உள்ளாட்சி வாரியச் சட்டம் இப்பொறுப்பை ஜில்லா போர்டுக்கும் தாலுகா போர்டுக்கும் கொடுத்தது. சாத்தான்குளம் அன்று திருநெல்வேலி ஜில்லாவைச் சேர்ந்தது. தூத்துக்குடி தனி மாவட்டமானது 1986 அக்டோபர் 20-இல்தான். ஆகவே அக்கால முறைப்படி, இவ்வூர்க் குழந்தைக்கு அம்மை குத்தும் செலவு இவ்வூர் நிலத்தின் தீர்வையிலிருந்தும் வந்தது எனலாம்.

1880-இன் தடுப்பூசிச் சட்டம், அதை ஏற்ற நகராட்சிகளில் குழந்தைகளுக்கு அம்மை குத்துவதைக் கட்டாயமாக்கியது. பொது அம்மை குத்துநர் அதற்குக் கட்டணம் வாங்கக் கூடாது என்றும் விதித்தது. கட்டாயம் என்று சொன்னால் இலவசமாகவும் இருக்க வேண்டும், இலவசம் என்றால் வரியிலிருந்து பணம் வர வேண்டும் என்ற தொடர்பு அப்போதே சட்டத்தில் இடம்பெற்றுவிட்டது.

அம்மைப்பாலை வெளியிலிருந்து வரவழைப்பதும் செலவு மிக்கது. வெயிலில் அதன் வீரியம் கெட்டுவிடும். 1899-இல் கிண்டியில் தொடங்கப்பட்ட நிலையம் மாகாணத்துக்கு வேண்டிய அம்மைப்பாலை இங்கேயே தயாரித்தது. சுகாதார ஆணையராக இருந்த டபிள்யூ. ஜி. கிங் பெயரால் அது கிங் இன்ஸ்டிடியூட் எனப்படுகிறது.

கடற்கரை ஊர்களுக்கு வேறோர் ஏற்பாடும் இருந்தது. இலங்கைத் தோட்டங்களுக்குக் கப்பலேறிய தொழிலாளர்களை முதலில் தூத்துக்குடியை அடுத்த தட்டப்பாறையிலும், பின்னர் மண்டபத்திலும் இலங்கை அரசு முகாமில் தங்கவைத்துச் சோதித்தது. மண்டபத்தில் அவர்களுக்கு அம்மை குத்தப்பட்டது. இந்தியக் கரையில் நடந்த பணிக்கு இலங்கை செலவு செய்ததன் காரணம் எளியது. நோய் கடல் கடந்து வந்தால் தனக்குத்தான் இழப்பு என்பதை அது அறிந்திருந்தது. பிற்காலத்தில் பணக்கார நாடுகள் ஏழை நாடுகளின் தடுப்பூசிக்குப் பணம் தந்ததிலும் இந்தக் கணக்கு ஓரளவு உண்டு. தன் நலனுக்காகத் தரப்படும் பணம், அந்த நலன் முடிந்ததும் நின்றுவிடும் என்பதையும் சேர்த்தே நினைவில் கொள்ள வேண்டும்.

1939-இன் சட்டம்

சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம், 1939 இந்தியாவிலேயே இத்தகைய முதல் விரிவான சட்டம். நோய்த் தடுப்புப் பற்றிய பிரிவுகளைப் போலவே அதன் நிதிப் பிரிவும் முக்கியமானது. நகராட்சிகள், அரசு மானியம் நீங்கலான தங்கள் வருமானத்தில் 30 விழுக்காட்டுக்குக் குறையாத தொகையைப் பொதுச் சுகாதாரத்துக்கு ஒதுக்க வேண்டும். ஜில்லா போர்டுகள் 12.5 விழுக்காட்டுக்குக் குறையாமல் ஒதுக்க வேண்டும் என்று அது விதித்தது.

இதன் அருமையை ஓர் ஒப்பீட்டால் உணரலாம். மருத்துவமனையில் படுத்திருக்கும் நோயாளி கண்ணுக்குத் தெரிகிறார். அவருக்குப் பணம் ஒதுக்கும்படி எல்லோரும் கேட்பார்கள். தடுப்பூசியால் நோய் வராமல் தப்பிய குழந்தை யார் கண்ணுக்கும் தெரிவதில்லை. அதற்காகப் பரிந்து பேச ஆளில்லை. எனவேதான் தடுப்புப் பணிக்கான பங்கைச் சட்டத்தாலேயே ஒதுக்கிவைத்தனர். பொதுச் சுகாதாரத்துக்கெனத் தனி இயக்குநரகமும் தனி வரவு செலவும் வைத்திருக்கும் மரபு தமிழ்நாட்டில் இன்றும் தொடர்கிறது. மருத்துவமனைச் செலவு கூடும்போது தடுப்புப் பணியின் பணம் அதனுள் கரைந்துபோகாமல் இந்த ஏற்பாடு காக்கிறது.

வெளிநாட்டு உதவி வந்த காலம்

விடுதலைக்குப் பின் காசநோய்த் தடுப்பூசியான பி.சி.ஜி. பெரிய அளவில் போடப்பட்டது. 1948-இல் கிண்டியில் பி.சி.ஜி. ஆய்வகம் நிறுவப்பட்டது. இந்த இயக்கத்துக்கு யுனிசெஃப், உலக நலவாழ்வு நிறுவனம் ஆகியவற்றின் உதவி இருந்தது. அத்தடுப்பூசியை ராஜாஜி கடுமையாக எதிர்த்தார். 1955-இல் அதுபற்றி ஒரு நூலும் வெளியிட்டார். பணமும் மருந்தும் இருந்தாலும் மக்களின் நம்பிக்கை இல்லாமல் திட்டம் நடவாது என்பதைத் தமிழ்நாடு அப்போது கண்டது.

1962-இல் தேசியப் பெரியம்மை ஒழிப்புத் திட்டம் தொடங்கியது. 1975-இல் இந்தியாவின் கடைசிப் பெரியம்மை நோயாளி கண்டறியப்பட்டார். 1980-இல் உலகமே பெரியம்மையிலிருந்து விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது. அதன்பின் அம்மை குத்தும் செலவே இல்லாமல் போயிற்று. ஒரு நோயை முற்றிலும் ஒழித்தால் ஆண்டுதோறும் ஆகும் செலவு நிரந்தரமாக மிச்சமாகும் என்பதற்கு இதுவே சிறந்த சான்று.

உலக நலவாழ்வு நிறுவனம் 1974-இல் விரிவாக்கத் தடுப்பூசித் திட்டத்தைத் தொடங்கியது. வளரும் நாடுகளில் அப்போது 100 குழந்தைகளில் 5 பேருக்குக்கூட முத்தடுப்பூசி முழுமையாகக் கிடைக்கவில்லை. இந்தியா 1978-இல் இத்திட்டத்தை ஏற்றது. 1985 நவம்பர் 19-இல் அது அனைவருக்குமான தடுப்பூசித் திட்டமாக விரிவுபடுத்தப்பட்டு, 1990-க்குள் படிப்படியாக எல்லா மாவட்டங்களுக்கும் கொண்டுசெல்லப்பட்டது. செலவுப் பங்கீடும் இதில் தெளிவானது. தடுப்பூசி மருந்தை மத்திய அரசு வாங்கி மாநிலங்களுக்கு அனுப்புகிறது. அதைக் குழந்தையிடம் சேர்க்கும் வேலையின் பெரும்பகுதியை மாநில அரசு பார்க்கிறது.

இந்த வேலைக்குத் தேவையான அடித்தளத்தின் ஒரு பகுதி வெளிநாட்டு உதவியால் அமைந்தது. டென்மார்க்கின் டானிடா நிறுவனம் 1981 முதல் சேலம், தென்னார்க்காடு மாவட்டங்களில் துணை சுகாதார நிலையங்கள் கட்ட உதவியது. உலக வங்கிக் கடனுடன் 1980-இல் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் திருநெல்வேலி உள்ளிட்ட 6 மாவட்டங்களில் நடைபெற்றது. உதவிக் காலம் முடிந்தபின் அந்த ஊட்டச்சத்துப் பணி கைவிடப்படவில்லை. பின்னாளில் அது ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தோடு இணைந்தது. கிராம சுகாதார செவிலியரும் மாநில அரசின் சம்பளப் பட்டியலில் இருந்தார். உதவி நின்றபின்னும் பணி நிற்காததற்கு இதுவே காரணம். கட்டடத்தைப் பிறர் கட்டிக் கொடுத்தாலும், அதில் வேலை செய்பவரின் சம்பளம் நம் கணக்கில் இருக்க வேண்டும் என்பது இதிலிருந்து கிடைக்கும் பாடம்.

உதவி குறைந்தபோது

1980-களில் யுனிசெஃப் நிறுவனத்தின் தலைவர் ஜேம்ஸ் கிராண்ட் முயற்சியால் உலகெங்கும் 80 விழுக்காட்டுக் குழந்தைகளுக்குத் தடுப்பூசி என்ற இலக்கு வைக்கப்பட்டது. 1990-இல் இலக்கு ஏறத்தாழ எட்டப்பட்டதாக அறிவிப்பு வந்தது. வெற்றி அறிவிக்கப்பட்டதும் உதவி செய்தவர்களின் கவனம் வேறு பக்கம் திரும்பியது. ஆப்பிரிக்காவின் பல நாடுகளில் குளிர்சாதனப் பெட்டிகள் பழுதாகியும், வண்டிக்கு எரிபொருள் இல்லாமலும் திட்டம் தளர்ந்தது. தடுப்பூசி பெறும் குழந்தைகளின் அளவு அங்கெல்லாம் சரிந்தது.

இந்த அனுபவத்தால் நிலைத்த நிதி பற்றிய ஆலோசனைப் பணி உலக அளவில் வலுப்பெற்றது. லத்தீன் அமெரிக்க நாடுகள் 1970-களின் இறுதியிலேயே ஒரு சுழல்நிதியை உருவாக்கியிருந்தன. அந்நாடுகள் சேர்ந்து மொத்தமாகக் கொள்முதல் செய்து விலையைக் குறைத்தன. அந்தந்த நாடு தன் பங்கைத் தானே செலுத்தியது. 1991-இல் யுனிசெஃப் தொடங்கிய தடுப்பூசித் தற்சார்பு முயற்சியும் இத்தகையது. நாடுகள் சொந்தப் பணத்தில் தடுப்பூசி வாங்க அது வழி செய்தது.

2000-இல் கவி கூட்டணி தோன்றியது. ஏழை நாடுகளுக்குப் புதிய தடுப்பூசிகளைக் கொடுப்பது அதன் பணி. உதவி பெறும் நாடுகள், உதவி முடிந்தபின் செலவை எப்படி ஏற்கப் போகின்றன என்பதைத் திட்டமாக எழுதித் தர வேண்டும் என்று அது முதலில் கேட்டது. பின்னர், நாடும் தொடக்கத்திலிருந்தே ஒரு பங்கு செலுத்த வேண்டும், வருமானம் உயர உயர அப்பங்கும் உயர வேண்டும், ஒரு கட்டத்தில் முழுச் செலவையும் நாடே ஏற்க வேண்டும் என்ற முறையைக் கொண்டுவந்தது.

இலங்கை இதற்கு அருகிலுள்ள எடுத்துக்காட்டு. அங்கு 1978-இல் விரிவாக்கத் தடுப்பூசித் திட்டம் தொடங்கியது. கவி உதவியுடன் 2008-இல் ஐந்து நோய்த் தடுப்பூசி சேர்க்கப்பட்டது. 2010-களின் நடுவில் உதவியிலிருந்து விடுபட்டு, அந்நாடு தன் தடுப்பூசிகளைத் தானே வாங்கத் தொடங்கியது. 2022-இன் பொருளாதார நெருக்கடியில் அந்நியச் செலாவணி தட்டுப்பட்டு மருந்து இறக்குமதியே திணறியபோது மற்றோர் உண்மை தெரிந்தது. மருந்தை இறக்குமதி செய்யும் நாட்டுக்கு, வரவு செலவில் பணம் ஒதுக்கினால் மட்டும் போதாது. டாலரும் கையிலிருக்க வேண்டும்.

ஐந்து நோய்த் தடுப்பூசியும் நிமோனியாத் தடுப்பூசியும்

தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், ரண ஜன்னி, ஹெபடைடிஸ் பி, ஹிப் கிருமித் தொற்று ஆகிய ஐந்தையும் தடுக்கும் பென்டாவேலண்ட் தடுப்பூசி, 2011 டிசம்பரில் இந்தியாவில் முதன்முதலாகத் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் அரசுத் திட்டத்தில் சேர்க்கப்பட்டது. இவ்விரு மாநிலங்களிலும் குளிர்பதனச் சங்கிலி நன்றாக இருந்ததே தேர்வுக்குக் காரணம். தொடக்கத்தில் கவி கூட்டணி மருந்தை வழங்கியது. பின்னர் அச்செலவை இந்திய அரசே ஏற்றது. இந்திய நிறுவனங்கள் பெருமளவில் தயாரிக்கத் தொடங்கியதால், 2000-களின் தொடக்கத்தில் 3 டாலருக்கு மேல் இருந்த இதன் விலை, பின்னர் யுனிசெஃப் கொள்முதலில் 1 டாலருக்கும் கீழே இறங்கியது. விலை இறங்கியதால்தான் பொறுப்பைக் கைமாற்றுவது எளிதாயிற்று.

நிமோகோக்கல் தடுப்பூசியின் கதை சற்று வேறு. 2017-இல் கவி உதவியுடன் வட மாநிலங்கள் சிலவற்றில் அது தொடங்கப்பட்டது. தமிழ்நாட்டுக் குழந்தைகளுக்கு அரசுத் திட்டத்தில் அது கிடைத்தது 2021 ஜூலையில்தான். இடைப்பட்ட ஆண்டுகளில் தனியார் மருத்துவமனையில் ஓர் ஊசிக்கே ஆயிரக்கணக்கான ரூபாய் ஆயிற்று. பணம் உள்ளவரின் குழந்தைக்கு நிமோனியாவிலிருந்து பாதுகாப்புக் கிடைத்தது. உப்பளத் தொழிலாளியின் குழந்தைக்கும் பனையேறியின் குழந்தைக்கும் கிடைக்கவில்லை. நிதி முடிவு தாமதமானால் அதன் சுமை யார் தலையில் விழும் என்பதை இந்த நான்கு ஆண்டுகள் காட்டின.

போலியோவும் பலர் கூடிச் செய்த செலவும்

போலியோவுக்கு எதிராக வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் டாக்டர் டி. ஜேக்கப் ஜான் ரோட்டரி சங்கத்துடன் சேர்ந்து 1980-களின் தொடக்கத்திலேயே சொட்டு மருந்து முகாம்களை நடத்தினார். 1995 டிசம்பரில் நாடு தழுவிய தீவிரச் சொட்டு மருந்து முகாம் தொடங்கியது. மத்திய அரசின் பணம், உலக வங்கிக் கடன், ரோட்டரி நிதி, தன்னார்வலர்களின் ஊதியமற்ற உழைப்பு ஆகிய அனைத்தும் இதில் சேர்ந்தன. தமிழ்நாட்டில் 2004-க்குப் பின்னும், இந்தியாவில் 2011 ஜனவரிக்குப் பின்னும் காட்டு வகைப் போலியோ நோயாளி யாருமில்லை. 2014 மார்ச் 27-இல் இந்தியா உள்ளிட்ட தென்கிழக்கு ஆசிய மண்டலம் போலியோ அற்றது எனச் சான்று பெற்றது. போலியோவுக்கென உருவான கண்காணிப்புப் பணியை இன்று தட்டம்மை போன்ற பிற நோய்களுக்கும் பயன்படுத்துகின்றனர்.

2008: இரண்டு அதிர்ச்சிகள்

2008 ஜனவரியில் குன்னூர் பாஸ்டர் நிலையம், கிண்டி பி.சி.ஜி. ஆய்வகம், கசௌலி மத்திய ஆராய்ச்சி நிலையம் ஆகிய மூன்று பொதுத்துறை நிறுவனங்களின் தடுப்பூசி உற்பத்தி உரிமம் நிறுத்திவைக்கப்பட்டது. உற்பத்தி முறை தரவிதிகளுக்கு ஏற்ப இல்லை என்பது சொல்லப்பட்ட காரணம். பல்லாண்டுகளாக அவற்றைப் புதுப்பிக்கப் போதிய பணம் ஒதுக்கப்படாததன் விளைவு இது எனப் பலர் கண்டித்தனர். 2010-இல் தடை விலக்கப்பட்டது. செங்கல்பட்டில் சுமார் 594 கோடி ரூபாய் மதிப்பீட்டில் பொதுத்துறைத் தடுப்பூசி வளாகம் ஒன்றும் கட்டப்பட்டது. ஆனால் அது உற்பத்தியைத் தொடங்காமலேயே ஆண்டுகள் பல கடந்தன. கட்டடத்துக்குப் பணம் தந்து, அதை இயக்குவதற்குப் பணம் தராவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இது சான்று.

அதே 2008-இன் ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போடப்பட்ட 4 குழந்தைகள் இறந்தன. அதன்பின் சில காலம் கிராமங்களில் ஊசி போடுவது நிறுத்தப்பட்டு, ஆரம்ப சுகாதார நிலையங்களில் மட்டும் போடப்பட்டது. பாதுகாப்புக்காக எடுத்த முடிவுதான். ஆனால் பயணச் செலவும் ஒருநாள் கூலி இழப்பும் தாயின் தலைக்கு மாறின.

தேசியக் குடும்பநல ஆய்வுகளின்படி, தமிழ்நாட்டில் 12 முதல் 23 மாத வயதுக் குழந்தைகளில் அடிப்படைத் தடுப்பூசிகள் அனைத்தையும் பெற்றவர்களின் அளவு பின்வருமாறு:

1992-93: 64.9 விழுக்காடு
1998-99: 88.8 விழுக்காடு
2005-06: 80.9 விழுக்காடு
2015-16: 69.7 விழுக்காடு
2019-21: 89.2 விழுக்காடு

ஒருமுறை எட்டிய உயரம் தானாக நிலைத்துவிடாது என்பதை இந்த எண்கள் சொல்கின்றன. 1998-இல் எட்டிய நிலையை மீண்டும் அடையத் தமிழ்நாட்டுக்கு ஏறத்தாழ 20 ஆண்டுகள் ஆயின.

சாத்தான்குளம் வட்டாரத்தில் இதன் பொருள்

தமிழ்நாட்டில் புதன்கிழமை தடுப்பூசி நாள். நிலையான நிதி என்பது சாத்தான்குளம் போன்ற ஊரில் ஒவ்வொரு புதன்கிழமையும் செவிலியர் வருவதையே குறிக்கும். இவ்வட்டாரத்தில் சில குழந்தைகளைச் சென்றடைய மற்ற இடங்களைவிடக் கூடுதல் செலவாகும். பதநீர்ப் பருவத்தில் பனைத்தொழிலாளர் குடும்பங்கள் காட்டில் விடிலி போட்டுத் தங்குவதும், வேறு ஊர்களுக்குப் போவதும் நெடுங்கால வழக்கம். உப்பளத்தில் விடியுமுன் வேலை தொடங்கும். பெரியதாழை, மணப்பாடு போன்ற கடற்கரை ஊர்களில் மீன்பாட்டைப் பொறுத்துக் குடும்பங்கள் இடம் மாறும். 100 குழந்தைகளில் முதல் 80 பேருக்கு ஆகும் செலவைவிட, விடுபட்ட கடைசிக் குழந்தைகளைத் தேடிச் சென்று ஊசி போட, ஆளுக்கு ஆகும் செலவு அதிகம். சராசரிச் செலவை மட்டும் வைத்துப் பணம் ஒதுக்கினால் இக்குழந்தைகளே விடுபடுவர்.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டம் இந்தச் சுமையைத் தாயின் பக்கமிருந்து குறைக்கிறது. இதன் தொகை 12,000 ரூபாயாக உயர்த்தப்பட்டபோது 3 தவணைகளாக வழங்கப்பட்டது. கடைசித் தவணை, குழந்தைக்கு உரிய தடுப்பூசிகள் போட்டபின் கிடைக்கும். இழந்த கூலிக்கு ஈடாகவும் இப்பணம் அமைகிறது.

இன்றைய நிலை

தேசிய நலவாழ்வு இயக்கத்தின் செலவை மத்திய, மாநில அரசுகள் 60:40 என்ற அளவில் பகிர்கின்றன. 15ஆவது நிதிக்குழு 2021-26 காலத்துக்கு உள்ளாட்சிகள் வழியாக ஆரம்ப நலவாழ்வுக்கென 70,051 கோடி ரூபாயைப் பரிந்துரைத்தது. 1871-இலும் 1939-இலும் உள்ளாட்சிக்குக் கொடுக்கப்பட்ட பொறுப்பு இவ்வாறு ஓரளவு திரும்பி வந்துள்ளது. 14 வயதுச் சிறுமியருக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி போட, 2025-26 நிதிநிலை அறிக்கையில் தமிழ்நாடு அரசு தன் பணத்திலிருந்து 36 கோடி ரூபாய் ஒதுக்கியது.

இந்தியா இன்று கவி கூட்டணியிடம் சிறு அளவில் உதவி பெறும் நாடாகவும், அதற்கு நன்கொடை தரும் நாடாகவும், உலகின் தடுப்பூசிகளில் பெரும்பங்கைத் தயாரிக்கும் நாடாகவும் உள்ளது. 2025-இல் அமெரிக்கா கவி கூட்டணிக்கு நிதி தருவதை நிறுத்துவதாக அறிவித்தபோது பல ஏழை நாடுகளின் திட்டங்கள் கேள்விக்குறியாயின.

சென்னை மாகாண வரலாற்றிலிருந்தும் பிற்கால அனுபவத்திலிருந்தும் பெறத்தக்க ஆலோசனைகளைச் சுருக்கமாகக் கூறலாம். தடுப்புப் பணிக்கான பங்கைச் சட்டத்தால் தனியே ஒதுக்க வேண்டும். சம்பளம் போன்ற தொடர்செலவைத் தொடக்கத்திலிருந்தே சொந்த வரவு செலவில் சேர்க்க வேண்டும். வெளி உதவி பெறும்போதே அது முடியும் ஆண்டையும், அதன்பின் செலவை ஏற்பவரையும் எழுதிவைக்க வேண்டும். உற்பத்தி நிலையங்களைக் கட்டுவதோடு நில்லாமல் ஆண்டுதோறும் பேண வேண்டும். தொலைவில் உள்ள குழந்தைக்குக் கூடுதலாக ஆகும் செலவைக் கணக்கில் கொள்ள வேண்டும்.